இடையிசையில் ஒரு வெடி

நாரணாபுரம்,
28.7.2024, ஞாயிறு.

ராஜசிங் ரசிகைகள் மன்றத்தின் செயலாளர் கற்பகவல்லிக்குத் தலைவி பெர்சிஸ் எழுதுவது.

மன்றத்தில் மொத்தமே நாம் இரண்டு பேர் என்பதால் கூட்டம் கூட்டத் தேவையில்லை, கடிதமே போதும். இங்கே நானும் பூனையும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் மாமியாரும் மாடு கன்றோடு சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

முதலில் புகார். நான் எப்போது போன் போட்டாலும் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். "அவ காட்டுல இருக்கா டீச்சர், வந்ததும் சொல்லுதேன்" என்கிறார். நீ பருத்திக் காட்டிலேயே குடியிருக்கிறாயா? போன பொங்கலுக்கு, 'எனக்கு லெட்டர்தான் பிடிக்கும், காலேஜ் லீவில் எழுதிக்கொண்ட மாதிரி எழுது' என்று ஒரு கார்டு போட்டாய். சரி, தாயே. ஐம்பது வயதில் எனக்கும் பேனா பிடிக்கிற வேலை கொடுத்திருக்கிறாய்.

இப்போது செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. நான் ராஜசிங்கைப் பற்றிப் படம் எடுக்கிறேன். ஆவணப்படம். முழுக்க என் சொந்தக் காசு.

அவர் போன வருடம் இறந்தபோது ஒரு பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. எம். புதுப்பட்டியில் பிறந்து, சென்னைக்குப் போய் சினிமாவில் ஏழு பாட்டுப் பாடினவர். எட்டாவது பாட்டுக்கு யாரும் கூப்பிடாததால் திரும்பி வந்து விருதுநகரில் பாட்டு வாத்தியாராக இருந்து செத்துப்போனார். நான் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். "யாரு டீச்சர் அது?" என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் இரண்டு பேரும் போய்விட்டால் அவர் பாடியதே இல்லை என்று ஆகிவிடும் போலிருக்கிறது.

கேமராவுக்கு மணிகண்டராஜ் என்று ஒரு தம்பி. சிவகாசியில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, அதனால் எனக்குக் கிடைத்தான். இனி மார்கழியில்தான் திரும்பக் கிடைப்பான். ராஜசிங்கின் போட்டோவைக் கொடுத்தால் அதன்மேல் ரோசாப்பூ விழுகிற மாதிரி செய்துவிட்டான். எடுடா என்றால், "ஒரே ஒரு பூவாச்சும் இருக்கட்டும்க்கா, வெறிச்சுன்னு இருக்கு" என்கிறான்.

அவர் மனைவி ஜெமிமா அக்காவைப் பேட்டி எடுத்தோம். ரிட்டயர்டு நர்ஸ். வீட்டில் பாடுவாரா என்று கேட்டேன். "எங்க பாடுனாக? நான் நைட் டூட்டி முடிஞ்சு தூங்குதேன்னு வாயத் தொறக்க மாட்டாக. நீங்கல்லாம் கேட்டிய. நான் கேக்கவே இல்ல" என்றார். சொல்லிவிட்டு எங்களுக்குக் காப்பி போட எழுந்து போய்விட்டார்.

அடுத்து உன் பேட்டி. நீ பேசாமல் இந்தப் படம் கிடையாது. எப்போது வரட்டும்?

உன்,
பெர்சி


ஏழாயிரம்பண்ணை,
12.8.2024.

தலைவிக்குச் செயலாளரின் பணிவான வணக்கம். பணிவு இந்த வரியோடு முடிந்தது.

உன் கடிதத்தை மாட்டுத் தொழுவத்தில் நின்றே படித்தேன், உட்காரவில்லை. படித்து முடித்தபின் உட்கார்ந்தேன். பெர்சி, நீ செய்வாய். விடுதி வார்டன் ரேடியோவைப் பிடுங்கி வைத்தபோது ஜன்னல் ஏறிக் குதித்து எடுத்து வந்தவள் நீ. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் என்னைக் கேமராவில் பிடிக்க வேண்டாம். முன்பல் ஒன்று ஆடுகிறது, தலை பாதி நரைத்துவிட்டது. மணிகண்டராஜ் என்மேலும் ரோசாப்பூ கொட்டுவான். பேச வேண்டியதை எழுதித் தருகிறேன், நீ வாசித்துக்கொள்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். 'தாமதமாய் வந்த மழையே' பாட்டை முழுதாகப் போட வேண்டும். முதல் சரணத்தில் 'நனைந்தது ஊரெல்லாம், நான் மட்டும் வெயிலிலே' என்று பாடும்போது 'மட்டும்' என்ற இடத்தில் மூச்சு கொஞ்சம் வாங்குவார், நினைவிருக்கிறதா? அது முடிந்ததும் இடையிசை. புல்லாங்குழல் மேலே போய் நிற்கும். ஒன்றுமே இருக்காது. அப்போது ஒரே ஒரு அடி, டம் என்று. அதன்பிறகுதான் இரண்டாவது சரணம். அந்த ஒரு அடியை யார் யோசித்தாரோ, அவர் கையில் கண்ணை ஒற்றிக்கொள்ளலாம். அதை மணிகண்டராஜ் வெட்டினால் மன்றத்தைக் கலைத்துவிடுவேன்.

பருத்தி போட்டிருக்கிறோம். மழை இல்லை. மாமியார் ராக்காயி அம்மாள் உன்னை விசாரித்தார். நன்றாகச் சாப்பிடு. தனியாகத்தானே இருக்கிறோம் என்று வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

கற்பகம்


நாரணாபுரம்,
10.11.2024.

கற்பகத்துக்கு,

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் அடைத்துக் கிடக்கின்றன. ஊரே காது அடைத்த மாதிரி இருக்கிறது. எனக்கும் மனசு அப்படித்தான்.

ராஜசிங் பிறந்த வீட்டை எடுக்கலாம் என்று ஆடி முடிவதற்குள்ளேயே எம். புதுப்பட்டிக்குப் போனோம். அந்த இடத்தை ஒரு பட்டாசுக் கம்பெனி வாங்கி வேலி போட்டுவிட்டது. உள்ளே செல்போனே கொண்டுபோகக் கூடாது, இதில் கேமராவுக்கும் பேட்டரிக்கும் எங்கே போவது? மணிகண்டராஜ் ரோட்டில் நின்று ட்ரோனைக் கிளப்பினான். போர்மேன் ஓடி வந்தார். "ஏலே, அத எறக்குலே! மருந்து கெடக்குற எடத்துல தீப்பொறி விழுந்தா நீயா வந்து அள்ளுவ?" என்று கத்தினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இறக்கிவிட்டோம். பாடகர் பிறந்த வீட்டுக்குப் பதில் என் படத்தில் ஒரு முள்வேலி வருகிறது.

சர்ச் ஹாலில் திரையிடலாமா என்று கேட்டேன். "சினிமாப் பாட்டு இருக்கே டீச்சர்" என்று தயங்கினார்கள். சரியென்று எழுந்து வந்துவிட்டேன்.

நீ சொன்ன பாட்டைப் பத்துத் தடவை கேட்டேன். நல்ல ஒலிப்பதிவு, இணையத்திலிருந்து எடுத்தது. நீ சொல்கிற அடி அதில் இல்லவே இல்லை, கற்பகம். புல்லாங்குழல் நிற்கிறது, அப்படியே சரணம் வந்துவிடுகிறது. உன் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்து ஒரு மாதம் ஆகிறது. கேட்டாயா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை.

உண்மையைச் சொல். இதெல்லாம் உனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறதா? உனக்குக் குடும்பம், காடு, பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இதுதான் இருக்கிறது. இந்தப் பாட்டைப் பற்றி என்னோடு பேச உலகத்தில் நீ ஒருத்தி மட்டும்தான். நீயும் போன் எடுக்காவிட்டால் நான் யாரோடு பேசுவது?

மார்கழியில் மணிகண்டராஜோடு வருகிறேன். மறுக்காதே.

பெர்சிஸ்


ஏழாயிரம்பண்ணை,
24.11.2024.

பெர்சிக்கு,

அந்த அடி இருக்கிறது. நீ அனுப்பியதையும் கேட்டேன், அதிலும் இருக்கிறது. உனக்குத்தான் காது மந்தம்.

நம்பாவிட்டால் நம் கேசட்டையே கேட்டுப் பார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் வருடம் லீவில் உன் வீட்டில் உன் அப்பாவின் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்து நாம் பிடித்த கேசட். கல்யாணத்துக்கு நகைப்பெட்டியோடு கொண்டு வந்தது. பத்திரமாக வைத்துக்கொள். எனக்கு இனி அது வேண்டாம்.

மார்கழியில் வராதே. பருத்தி எடுக்கிற நேரம், வீட்டில் வேலையாட்கள் இருப்பார்கள், உன்னை உட்காரவைத்துப் பேச முடியாது. உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என்னை விட்டுவிட்டு நீ படத்தை முடி.

கற்பகம்


நாரணாபுரம்,
5.1.2025.

கற்பகவல்லிக்கு,

வராதே என்றாய். நான் வந்தேன். அது உனக்கே தெரியும்.

ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேசட்டை மணிகண்டராஜ் ஸ்டுடியோவில் போட்டோம். புல்லாங்குழல் நின்றது. டம்! நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவன் மறுபடி போட்டான். "அக்கா, இது தபேலா இல்லக்கா, வெடி" என்றான். பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டாசுக் கம்பெனியில் மத்தியானம் சாம்பிள் போட்டுப் பார்ப்பார்கள். நாம் ரேடியோ முன்னால் டேப்பை வைத்திருந்த நேரத்தில் ஒரு வெடி போட்டிருக்கிறார்கள், அது பாட்டோடு பதிவாகிவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் எனக்கு அது காதிலேயே விழவில்லை. நீ வெளியூர்க்காரி, உனக்கு விழுந்திருக்கிறது. முப்பது வருடமாக நாரணாபுரத்து வெடியை நீ ஓர் இசையமைப்பாளர் போட்ட தாளம் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறாய்!

எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். பஸ் போய்விட்டது. கம்பெனி வேன் ஒன்றில், வேலைக்குப் போகிற பெண்கள் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

உன் வீட்டு வாசலில் நாய் கட்டியிருந்தது, உள்ளே வர முடியவில்லை. முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பருத்தியில் தூசி எடுத்துக்கொண்டிருந்தாய். "கற்பகம்" என்று கூப்பிட்டேன். "ஏட்டி கற்பகம், நான் பெர்சி" என்று கத்தினேன். நாய் அந்தக் குரை குரைக்கிறது. நீ திரும்பவில்லை. பிறகு எழுந்து, முந்தானையை உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய்.

வேலையாள் யாரும் அங்கே இல்லை. நான் ரோட்டுக்கு வந்து வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன். உனக்கு நான் வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம். முதுகைக் காட்டியிருக்க வேண்டாம்.

பெர்சிஸ்


ஏழாயிரம்பண்ணை,
11.1.2025.

என் பெர்சிக்கு,

நீ வந்தது எனக்குத் தெரியாது. என் பிள்ளைகள்மேல் ஆணையாகத் தெரியாது. எனக்குக் காது கேட்காது.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகே ஆரம்பித்தது. தொட்டிலில் பிள்ளை அழுவது கேட்காது, மாமியார் ஓடி வருவார். மதுரையில் டாக்டரிடம் போனோம். மெஷின் கொடுத்தார்கள். பேச்சு கொஞ்சம் புரிந்தது. பாட்டைப் போட்டால் தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. ராஜசிங்கை அப்படிக் கேட்க வேண்டாம் என்று கழற்றி வைத்தேன். பிறகு மெஷின் வைத்தாலும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இப்போது எதுவும் இல்லை. நீ இருக்கிற ஊரில் அம்புட்டு வெடி போட்டாலும் எனக்குத் தரை லேசாக அதிர்வது மட்டும் தெரியும்.

நீ பாட்டு அனுப்பினாய் அல்லவா? என் வீட்டுக்காரர் போனை என் முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் முடிந்துவிட்டது என்று தலையை ஆட்டினார். 'கேட்டேன்' என்று உனக்குப் பொய் எழுதினேன். நான் கேட்டது என் தலைக்குள் இருக்கிற கேசட்டை. அதில் அந்த வெடி இருக்கிறது. இனி அது போகாது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். உனக்குத் தெரிந்தால் அடுத்த கடிதத்திலிருந்து நீ பாட்டைப் பற்றி எழுதமாட்டாய். 'உடம்பைப் பார்த்துக்கொள், ஜெபிக்கிறேன்' என்று எழுதுவாய். எல்லோரும் அப்படித்தான் ஆனார்கள். வீட்டில் என்னிடம் யாரும் கதை பேசுவதில்லை. சோறு, தண்ணீர், மாடு என்று கையைக் காட்டுகிறார்கள். நானும் பேசுவதைக் குறைத்துவிட்டேன். என் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. மாமியார் உள்ளங்கையைக் கீழே தாழ்த்திக் காட்டுவார், உடனே நிறுத்திவிடுவேன். உன் கடிதத்தில் மட்டும்தான் நான் இன்னும் காது கேட்கிறவளாக இருந்தேன். அதை விட மனசு வரவில்லை.

வாசலில் நின்று கூப்பிட்டாய் என்று படித்ததும் முற்றத்தில் போய் அந்த இடத்தில் உட்கார்ந்து, திரும்பி வாசலைப் பார்த்தேன். எப்படிக் கூப்பிட்டிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்றாயே பெர்சி. மன்னித்துக்கொள்.

வெடி என்றாயே, அதற்கு மட்டும் நன்றாகச் சிரித்தேன். உரக்கத்தான் சிரித்திருப்பேன் போல. நாய் எழுந்து பார்த்தது.

கற்பகம்


நாரணாபுரம்,
15.6.2025.

கற்பகத்துக்கு,

உன் கடிதத்துக்கு ஜனவரியில் நான் போட்ட பதிலில் பாதி அழுகைதான் இருந்தது. இனி அழமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்றும் எழுதமாட்டேன். பாட்டைப் பற்றித்தான் எழுதுவேன்.

படம் முடிந்தது. ஈஸ்டருக்கு அப்புறம் இணையத்தில் ஏற்றினேன். காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் எந்த நாட்டிலும் பார்க்க முடியாது என்று நிற்கிறது. பாட்டுகளின் உரிமை சென்னையில் ஒரு கம்பெனியிடம் இருக்கிறதாம். மனிதர்கூடப் பார்ப்பதில்லை, இயந்திரமே ஒலியைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடுகிறது. யாருக்கும் ஞாபகம் இல்லாத ராஜசிங்கின் குரலை அந்த இயந்திரம் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொண்டது. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்கூட வந்தது.

கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். அவர்கள் சொன்ன தொகை இந்த வீட்டை விற்றால்தான் ஆகும். மண்டபத்தில் போட்டாலும் அனுமதி வேண்டுமாம். பாட்டை எடுத்துவிட்டால் தடையில்லை.

ஆகவே எடுத்துவிட்டேன், கற்பகம். ஏழு பாட்டும் ஊமை. பாடகரைப் பற்றிய படத்தில் பாடகர் குரல் இல்லை. பாட்டு வருகிற இடத்தில் அவர் போட்டோ நிற்கும். எந்த நொடியில் அவர் பாடுவாரோ அந்த நொடியில் வரியை எழுத்தில் போட்டிருக்கிறேன். ஜெமிமா அக்கா பேசுவதற்கும் கீழே எழுத்துப் போட்டிருக்கிறேன். மணிகண்டராஜ், "எதுக்குக்கா தமிழுக்குத் தமிழு?" என்று கேட்டான். ஒரே ஒருத்திக்காக என்று சொன்னேன்.

ஆடி பதினொன்று, ஜூலை 27, ஞாயிறு மத்தியானம். முகூர்த்தம் இல்லாததால் சிவகாசியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் கிடைத்தது. நீ வர வேண்டும். உன்னால் முழுதாகப் பார்க்க முடிகிற படமாக அதை ஆக்கியிருக்கிறேன்.

பெர்சி


ஏழாயிரம்பண்ணை,
29.7.2025.

பெர்சிக்கு,

படம் நன்றாக இருந்தது. முள்வேலியை அவ்வளவு நேரம் காட்டியது எனக்குப் பிடித்தது. அந்த ஒரு ரோசாப்பூவும் இருக்கட்டும், பாவம்.

சொல்லாமல் பாதியில் எழுந்து போனதற்கு மன்னித்துக்கொள். 'தாமதமாய் வந்த மழையே' வந்ததும் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. அவர் முகம், கீழே வரி. எனக்குக் கேட்டது. பழையபடி முழுசாகக் கேட்டது. நான் மனசுக்குள் கூடவே பாடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சரணத்தில் பார்க்கிறேன், முன்வரிசையில் இருந்த ஒன்றிரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவன் வாயைப் பொத்திச் சிரிக்கிறான். ஒரு பெண் போனை என் பக்கம் திருப்புகிறாள். அப்போதுதான் தெரிந்தது, நான் வெளியே பாடியிருக்கிறேன். எத்தனை உரக்கவோ, எந்தச் சுருதியிலோ.

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். நிறுத்தச் சொல்கிறார் என்று எழுந்து வெளியே ஓடி வந்துவிட்டேன். வெளிச்சத்தில் பார்த்தால் அவர் அழுதிருக்கிறார். மானம் போனது என்று அழுகிறாரோ என்று இன்னும் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

நீ ஒரு வருடம் பாடுபட்டு எடுத்த படம். அதை நான் கூத்தாக்கிவிட்டேன். இனி என்னைக் கூப்பிடாதே. மன்றத்திலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்.

கற்பகவல்லி


நாரணாபுரம்,
3.8.2025.

கற்பகத்துக்கு,

விலகலை ஏற்கத் தலைவி மறுக்கிறாள். முழுதும் படி.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் என்ன கேட்டது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்கிறேன்.

நான் பின்னால் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றேன். போட்ட நாற்காலியில் பாதிக்குமேல் காலி. முதல் பாட்டு வந்தது, சத்தம் இல்லை. ஒருவர் செருமினார். "சவுண்டு வரல" என்று ஒருவர் கத்தினார். இரண்டாவது பாட்டில் என் கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் மெல்ல எழுந்து போனார்கள். மூன்றாவதில் எல்லோரும் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் அப்பா இறந்த அன்றுகூட நான் அவ்வளவு தனியாக நின்றதில்லை. நிறுத்திவிடலாம் என்று மணிகண்டராஜிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது நீ பாடினாய்.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். சுருதி இல்லை. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் பிசிறியது. யாரோ சிரித்தார்கள், நிஜம். ஆனால் காலம் தப்பவில்லை, கற்பகம். வரி திரையில் விழும்போது உன் வாயிலும் விழுந்தது. 'நான் மட்டும்' என்ற இடத்தில் மூச்சு வாங்கினாய், அவரைப் போலவே. பேச்செல்லாம் நின்றுவிட்டது. இடையிசை வந்தது. திரையில் எழுத்து இல்லை, அசையாத போட்டோ மட்டும்தான். நீயும் பாடவில்லை. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நீ கையை ஓங்கி, உன் முன்னால் இருந்த காலி நாற்காலியின்மேல் ஒரே ஒரு அடி அடித்தாய். டம். அதன்பிறகு சரணத்தை எடுத்தாய்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உன் வீட்டுக்காரரும் அதற்குத்தான் அழுதிருப்பார், போய்க் கேள். நீ பாடி அவர் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று?

படம் முடிந்ததும் ஜெமிமா அக்கா என்னிடம் வந்தார். "அங்கன உக்காந்து பாடுன பிள்ள யாரு?" என்றார். அவளுக்குக் காது கேட்காது என்றேன். "அவ ஒருத்திக்குத்தான் அவுக பாட்டு இன்னும் கேக்குது" என்றார்.

மணிகண்டராஜ் விழாவையும் ஒரு கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தான், கல்யாணக்காரன் அல்லவா? நீ பாடியது முழுதும் அதில் இருக்கிறது. நம் கேசட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உன் கை நாற்காலியில் விழுந்த இடமும் எங்கள் ஊர் வெடி விழுந்த இடமும் ஒன்று. அவன் எழுந்து நின்று கம்ப்யூட்டரைக் கும்பிட்டான்.

அந்தப் பாட்டில் உன் குரலை வைக்க ஆசைப்படுகிறேன். மற்ற ஆறும் ஊமையாகவே இருக்கட்டும். கம்பெனி கோபித்தால் பிறகு பார்த்துக்கொள்கிறேன். ஆனால் உன் சம்மதம் இல்லாமல் வெளியிடமாட்டேன். நீ வேண்டாம் என்றால் படம் இந்த வீட்டு அலமாரியில் இருக்கும், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

பெர்சி


ஏழாயிரம்பண்ணை,
9.8.2025.

தலைவிக்கு,

போடு.

என் பெயரைப் போடாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு வீட்டுக்காரரிடம் போய், எதற்கு அழுதீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். 'நல்லா இருந்துச்சு' என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை வைத்திருக்கிறேன். ஆகவே பெயரைப் போடு. கற்பகவல்லி, செயலாளர்.

நாற்காலியில் அடித்த கை ஒரு வாரம் வீங்கியிருந்தது. அது எதனால் என்று எனக்கு உன் கடிதம் வந்துதான் தெரிந்தது.

ஒரே ஒரு உதவி செய். படம் வெளியான அன்று நீ தனியாக உட்கார்ந்து என் பாட்டை ஒரு தடவை கேள். கேட்டுவிட்டு அப்படியே எழுது. எங்கே குரல் உடைந்தது, எங்கே நன்றாக இருந்தது, எந்த வார்த்தையை விழுங்கினேன் என்று ஒன்று விடாமல் எழுது. இரக்கப்பட்டுக் கூட்டி எழுதாதே. யார் யாரோ கேட்பார்கள், நான் மட்டும் கேட்கமாட்டேன். நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

தபால்காரர் பதினோரு மணிவாக்கில் வருவார். அவர் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அதனால் நான் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பேன்.

உன்,
கற்பகம்